ராபர்ட் கிளைவ்: கம்பெனி படையோடு வங்காளத்தைப் பிடித்தவர்... நாடாளுமன்ற விசாரணையில் தப்பியது எப்படி?

2007 செப்டம்பர் 16. பாக்தாத்தின் நிசூர் சதுக்கத்தில் பிளாக்வாட்டர் என்ற அமெரிக்க தனியார் பாதுகாப்பு நிறுவனத்தின் காவலர்கள் சுட்டதில் ஈராக்கியர்கள் 17 பேர் இறந்தார்கள். சுட்டவர்களை ஈராக் நீதிமன்றத்தில் நிறுத்த முடியவில்லை. அமெரிக்க நிர்வாகம் முன்பே போட்டுவைத்த உத்தரவு அதற்குத் தடையாக இருந்தது. பல வருஷம் கழித்து அமெரிக்காவில் நாலு பேருக்குத் தண்டனை கிடைத்தது. 2020 டிசம்பரில் அதிபர் டிரம்ப் அவர்களுக்கு மன்னிப்பு கொடுத்துவிட்டார்.

ஒரு தனியார் நிறுவனத்தின் ஆயுதப் படை தப்பு செய்தால் யார் கேட்பது? இந்தக் கேள்வி 250 வருஷத்துக்கு முன்னாடியே பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்கு வந்துவிட்டது. அன்றைக்கு பதில் சொல்ல வேண்டிய இடத்தில் இருந்தவர் ராபர்ட் கிளைவ்.

யார் இந்த கிளைவ்?

1725-ல் இங்கிலாந்தின் ஷ்ராப்ஷயரில் பிறந்தவர். 1744-ல் மதராஸ் வந்து இறங்கினார். கிழக்கிந்திய கம்பெனியில் 'ரைட்டர்' வேலை, அதாவது குமாஸ்தா. வருஷத்துக்கு 5 பவுண்டு சம்பளம்.

1746-ல் பிரெஞ்சுக்காரர்கள் மதராஸைப் பிடித்தபோது, மாறுவேடத்தில் தப்பி கடலூர் செயின்ட் டேவிட் கோட்டைக்குப் போனார். அங்கேதான் கணக்குப் புத்தகம் போய் கையில் துப்பாக்கி வந்தது. அவர் சேர்ந்தது மன்னரின் படை இல்லை, கம்பெனியின் சொந்தப் படை. லண்டனில் பங்குதாரர்களும் இயக்குநர்களும் நடத்திய வியாபார நிறுவனம் அது. படை திரட்டவும் போர் செய்யவும் அரச சாசனமே அதற்கு அனுமதி கொடுத்திருந்தது.

ஆற்காட்டில் கிடைத்த பெயர்

1751-ல் திருச்சியில் முகமது அலியை சந்தா சாகிப் முற்றுகையிட்டிருந்தார். அந்தக் கவனத்தைத் திருப்ப, சுமார் 500 பேரோடு கிளைவ் ஆற்காட்டுக்குள் நுழைந்தார். பிறகு ஏறக்குறைய 50 நாள் முற்றுகையைத் தாங்கி நின்றார். கிளைவுக்குப் பெயர் கிடைத்தது, முகமது அலிக்கு நவாப் பட்டம் உறுதியானது. போர்ச் செலவு? அது நவாப் தலையில் கடனாக ஏறியது. கடைசிவரை அந்தக் கடனிலிருந்து அவரால் மீள முடியவில்லை. ரெண்டு பேர் சண்டையில் ஒருவருக்குப் படை கொடுத்து, பில்லையும் அவருக்கே அனுப்புவது எவ்வளவு லாபம் என்று கம்பெனி கற்றுக்கொண்ட இடம் கர்நாடகப் பகுதிதான்.

பிளாசி: சண்டையை விட பேரம் பெரிது

1757 ஜூன் 23. பிளாசியில் நவாப் சிராஜ் உத் தௌலாவின் பெரும்படைக்கு எதிரே கிளைவிடம் இருந்தது சுமார் 3,000 பேர். ஆனால் நவாபின் தளபதி மீர் ஜாபரோடு பேரம் முன்பே முடிந்திருந்தது.

இந்தச் சதி தெரிந்த வியாபாரி அமீர்சந்த் பெரிய பங்கு கேட்டார். அவருக்குக் காட்ட ஒன்று, நிஜமாக ஒன்று என ரெண்டு ஒப்பந்தங்கள் தயாராயின. பொய் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட அட்மிரல் வாட்சன் மறுத்துவிட்டார். அவர் கையெழுத்தையும் வேறொருவரை வைத்துப் போட்டுக்கொண்டார்கள். வாட்சன் மன்னரின் கடற்படை அதிகாரி என்பதைக் கவனிக்க வேண்டும். கம்பெனி ஆட்களுக்கு அந்தத் தயக்கம் இல்லை.

மீர் ஜாபர் நவாப் ஆனார். கிளைவுக்குக் கிடைத்தது 2,34,000 பவுண்டு. அதற்குமேல் வருஷா வருஷம் சுமார் 27,000 பவுண்டு தரும் ஜாகீரும் வந்தது. 1765-ல் முகலாய மன்னர் ஷா ஆலமிடமிருந்து வங்காளம், பீகார், ஒரிசாவின் வரி வசூல் உரிமையையே கம்பெனிக்கு வாங்கிக் கொடுத்தார். 1767-ல் ஊர் திரும்பிவிட்டார்.

அடுத்த சில வருஷத்தில் வங்காளத்தில் மழை பொய்த்து பஞ்சம் வந்தது. மூன்றில் ஒரு பங்கு மக்கள் இறந்ததாக கம்பெனி நிர்வாகத்தின் மதிப்பீடே சொன்னது. அந்த நேரத்திலும் வரி வசூல் விடவில்லை. அப்போது கிளைவ் இந்தியாவில் இல்லைதான். ஆனால் வரி கம்பெனிக்கு, மக்களுக்குப் பொறுப்பு யாருக்கும் இல்லை என்ற ஏற்பாடு அவர் போட்டது.

விசாரணையில் என்ன நடந்தது?

1772-ல் ஜெனரல் பர்கோய்ன் தலைமையில் நாடாளுமன்றக் குழு விசாரணையைத் தொடங்கியது. அதே வருஷம் கம்பெனி அரசிடம் கடனுக்குக் கையேந்தியது. பொய் ஒப்பந்த விஷயத்தை கிளைவ் மறைக்கவே இல்லை. தேவைப்பட்டால் திரும்பவும் செய்வேன் என்கிற தோரணையில்தான் பதில் சொன்னார்.

1773 மே மாதம் நாடாளுமன்றம் ஒரு பெரிய கொள்கையை ஏற்றது. படை பலத்தால் கிடைத்ததெல்லாம் அரசுக்கே சொந்தம், தனி ஆள் எடுத்துக்கொள்வது சட்டவிரோதம். சில நாளிலேயே கிளைவ் பெயரைச் சொல்லி ஓட்டெடுப்பு வந்தது. 2,34,000 பவுண்டு வாங்கினார் என்பதை சபை பதிவு செய்தது. அதிகாரத்தைத் துஷ்பிரயோகம் செய்தார் என்ற வரியை மட்டும் நீக்கிவிட்டது. நாட்டுக்குப் பெரும் சேவை செய்தார் என்று இன்னொரு தீர்மானமும் போட்டது. ஒரு பவுண்டுகூட திருப்பிக் கேட்கவில்லை. அந்த ஓட்டெடுப்பு முழுக்க அவர் வாங்கிய பணத்தைப் பற்றியதுதான். பஞ்சத்தில் செத்தவர்கள் பேச்சு அதில் இல்லை.

அந்த வருஷமே ரெகுலேட்டிங் சட்டம் வந்தது. கம்பெனிக்கு 14 லட்சம் பவுண்டு அரசுக் கடனும் கிடைத்தது. அதன் படை 1857 கிளர்ச்சிக்குப் பிறகுதான் அரசின் கைக்குப் போனது.

கிளைவ் 1774 நவம்பர் 22-ல் லண்டன் பெர்க்லி சதுக்க வீட்டில் இறந்தார். வயது 49. தற்கொலை என்றே பெரும்பாலான வரலாற்றாசிரியர்கள் சொல்கிறார்கள். சொந்த ஊர்ப் பக்கம் மோர்ட்டன் சே தேவாலயத்தில், கல்லறையில் பெயர்கூட பொறிக்காமல் புதைத்தார்கள். லண்டனில் வெளியுறவு அலுவலகத்தின் பக்கத்தில் அவருக்கு இப்பவும் சிலை நிற்கிறது.