அலோயிஸ் ஆல்சைமர்

அலோயிஸ் ஆல்சைமர் (ஜூன் 14, 1864 - டிசம்பர் 19, 1915) ஜெர்மனியைச் சேர்ந்த மனநல மருத்துவரும் மூளைத் திசு ஆய்வாளரும் ஆவார். மறதிநோய் வகைகளுள் மிகப் பரவலான ஆல்சைமர் நோய் இவர் பெயரால் அழைக்கப்படுகிறது. இவர் சிறந்த ஆய்வாசிரியர் என்பது அவ்வளவாக அறியப்படாத செய்தி.

இளமை

பவேரியாவில் மார்க்பிரைட் என்னும் சிற்றூரில் பிறந்தார். 1887இல் மருத்துவப் பட்டம் பெற்றார். (பட்ட ஆய்வு மூளையைப் பற்றியதன்று, காதுக் குறும்பியைச் சுரக்கும் சுரப்பிகளைப் பற்றியது.) 1888இல் பிராங்க்ஃபுர்ட் நகர மனநல மருத்துவமனையில் சேர்ந்தார். அடுத்த ஆண்டு அங்கு வந்த பிரான்ஸ் நிசில், நரம்பணுக்களுக்குச் சாயமேற்றுவதில் வல்லவர். இருவரும் நெருங்கிய நண்பர்களாகி, நுண்ணோக்கி ஆய்வில் இணைந்து உழைத்தனர்.

ஆகுஸ்ட் டீட்டர்

1901 நவம்பரில் 51 வயதான ஆகுஸ்ட் டீட்டர் என்னும் பெண் அம்மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். நினைவிழப்பும் கணவர் மீது வீண் ஐயமும் அவருக்கு இருந்தன. ஆல்சைமர் பொருட்களைக் காட்டிப் பெயர் கேட்டார். சற்று நேரம் கழித்து, காட்டியவை எவை என வினவினார். விடைகளை அப்படியே எழுதி வைத்தார். தம் பெயரைக்கூட அப்பெண்ணால் முழுமையாக எழுத இயலவில்லை. முதியோரிடம் இத்தகைய சிதைவு முன்பே அறியப்பட்டதுதான். இந்த வயதில் அது ஏன் வந்தது என்பதே ஆல்சைமரின் கேள்வி.

1903இல் எமில் கிரேப்பலினுடன் பணியாற்ற முனிச் சென்ற பின்னும் அந்நோயாளியை இவர் மறக்கவில்லை. 1906 ஏப்ரல் 8 அன்று டீட்டர் இறந்தார். அவருடைய மருத்துவக் குறிப்பேடும் மூளையும் முனிச்சுக்கு அனுப்பப்பட்டன. வெள்ளி உப்பால் சாயமேற்றிய மூளைப் புறணியில், நரம்பணுக்களுக்கு வெளியே படிவுகளையும் உள்ளே முறுக்கிய இழைக் கற்றைகளையும் ஆல்சைமர் கண்டார். படிவுகளைப் பிறர் 1892லேயே கண்டிருந்தனர். இழைக் கற்றைகளை விளக்கியதே இவருடைய புதுமை. நவம்பர் 3 அன்று டூபிங்கன் மாநாட்டில் இதை எடுத்துரைத்தபோது எவரும் வினா எழுப்பவில்லை. 1910இல் கிரேப்பலின் தமது பாடநூலில் இந்நோய்க்கு ஆல்சைமரின் பெயரைச் சூட்டினார். மிகச் சில நோயாளிகளைக் கொண்டு தனி நோய் என வகுத்தது சரியா என்ற விவாதம் நெடுங்காலம் நீடித்தது.

ஆசிரியப் பணி

முனிச்சில் தொடக்கத்தில் ஊதியமின்றியே பணியாற்றினார். 1901இல் மறைந்த மனைவி செசிலியின் செல்வம் அதற்கு உதவியது. அவருடைய ஆய்வகத்தில் மாணவர்கள் நுண்ணோக்கியில் காண்பதைக் கையால் வரைந்து பழகினர். நோயாளியிடம் கண்ட அறிகுறியையும் திசுவில் கண்ட மாற்றத்தையும் ஒப்பிடாமல் முடிவு கூறலாகாது என்பது அவர் கற்பித்த முறையின் அடிப்படை. ஒவ்வொரு மாணவர் அருகிலும் அமர்ந்து விளக்குவார். வாயிலிருந்த சுருட்டை அங்கேயே வைத்து மறந்துவிடுவார் என்றும், மாலையில் மேசைதோறும் சுருட்டுத் துண்டுகள் கிடக்கும் என்றும் கூறுவர். அவரிடம் பயின்ற லூயி, யாக்கோப், கிராய்ட்ஸ்ஃபெல்ட் ஆகியோரின் பெயர்களும் பின்னர் மூளை நோயியலில் நிலைபெற்றன. இத்தாலியரான பெருசினி, டீட்டரின் மூளையை மீண்டும் ஆராய்ந்து விரிவாக எழுதினார்.

இறுதிக் காலம்

1912இல் பிரெஸ்லாவில் (இன்றைய போலந்தின் விராட்ஸ்வாஃப்) பேராசிரியரானார். உடல்நலம் குன்றி, 51ஆம் வயதில் அங்கேயே காலமானார். பிராங்க்ஃபுர்ட்டில் மனைவியின் கல்லறையருகே அடக்கம் செய்யப்பட்டார்.

பிற்காலம்

அவர் கண்ட படிவுகள் அமிலாய்டு பீட்டா என்னும் புரதத்தாலும், இழைக் கற்றைகள் டௌ புரதத்தாலும் ஆனவை எனப் பின்னர் அறியப்பட்டது. வளரும் நாடுகளில் மறதிநோயை ஆராய 10/66 என்னும் ஆய்வுக் குழு 1998இல் உருவானது. நோயாளிகளில் 66 விழுக்காட்டினர் வாழும் அந்நாடுகளில் 10 விழுக்காட்டுக்கும் குறைவான ஆய்வே நடப்பதை அப்பெயர் குறிக்கிறது. சென்னையிலும் வேலூரிலும் இக்குழுவின் ஆய்வுகள் நடைபெற்றன.

காணாமற்போனதாகக் கருதப்பட்ட டீட்டரின் குறிப்பேடு 1995இல் பிராங்க்ஃபுர்ட்டில் கிடைத்தது. அவருடைய மூளைத் திசு வில்லைகளும் பின்னர் முனிச்சில் கண்டெடுக்கப்பட்டன.