மோட்டார் சைக்கிளை விற்ற மாணவர்

சென்ற விடுமுறையில், குண்டலுபேட்டையில் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, விமானப் படைக்கு விண்ணப்பிக்கச் சான்றிதழ்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். மதிப்பெண் பட்டியல், என்.சி.சி. சான்று, ஓட்டப் பந்தயத்தில் வாங்கிய காகிதங்கள் எல்லாம் இருந்தன. கடைவீதிக் கண் மருத்துவர் மட்டும் என் இடக்கண்ணைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கியிருந்தார். ஊட்டிக்கும் வயநாட்டுக்கும் சாலை பிரிகிற ஊர் எங்களூர். என் மனமும் அன்று அந்த முச்சந்தியில்தான் நின்றது. அப்போது நினைவுக்கு வந்தவர் இந்திரலால் ராய். அவர் கதையையே நண்பர்களுக்குச் சொல்ல வந்தேன்.

1898 டிசம்பர் 2-ஆம் நாள் கல்கத்தாவில் பிறந்தார். தந்தையார் பாரிஸ்டர். லண்டனில் செயின்ட் பால்ஸ் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தபோது முதல் உலகப் போர் மூண்டது. பள்ளியை முடித்ததும் பிரிட்டனின் பறக்கும் படைக்கு விண்ணப்பித்தார். கண் பார்வை போதாது என்று தள்ளிவிட்டார்கள்.

இந்தியருக்கு அதிகாரிப் பதவி எளிதில் கிட்டாத காலம் அது. அந்தப் போரில் அப்படையில் விமானிகளாகப் பறந்த இந்தியர் நால்வர்தாம் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். இந்திரலால் என்ன செய்தார் தெரியுமா? தம் மோட்டார் சைக்கிளை விற்றார். அந்தப் பணத்தைக் கொண்டு, பெயர்பெற்ற கண் மருத்துவர் ஒருவரிடம் மறுபடியும் சோதித்துக்கொண்டார். பார்வையில் குறையில்லை என்று முடிவு வந்தது. பழைய தீர்ப்பு மாறியது. விதியே என்று அவர் உட்காரவில்லை. சோதனைக்குச் சோதனையாலேயே பதில் தேடினார். எனக்குப் பிடித்தது அதுதான். 1917 ஜூலை 5-ஆம் நாள் அதிகாரியானார். வயது பதினெட்டு!

அதோடு தொல்லை தீர்ந்ததா? அவ்வாண்டு டிசம்பர் 6-ஆம் நாள் அவர் விமானம் நொறுங்கியது. இறந்தாரென்று பிணவறையில் கிடத்திவிட்டார்கள் என்றும், விழித்தெழுந்து கதவைத் தட்டினாரென்றும் ஒரு கதை உண்டு. பிழைத்தவரை, பறக்கத் தகுதியற்றவர் என்றனர் மருத்துவர்கள். ஓய்வு நாட்களில் விமானங்களாக வரைந்து தள்ளினார். அப்படங்கள் இன்றும் இருக்கின்றன. விடாமல் கேட்டுக் கேட்டு, 1918 ஜூனில் 40-ஆம் ஸ்குவாட்ரனில் சேர்ந்தார். ஜூலை 6 முதல் 19 வரை பத்து வெற்றிகள்! 22-ஆம் நாள் பிரான்சில் கார்வின் என்னும் ஊருக்கு மேலே நடந்த சண்டையில் வீழ்ந்தார். இருபதுகூட நிறையவில்லை. பறக்கும் வீரருக்குரிய டி.எஃப்.சி. விருது அதன் பிறகே வந்தது.

அடிமை நாட்டுப் பிள்ளை, ஆண்டவர்களின் போரில் ஏன் மாள வேண்டும் என்று நம் மன்றத்தில் யாரேனும் கேட்பீர்கள். நானும் கேட்டுக்கொண்டதுண்டு, விடை கிடைக்கவில்லை.

எங்களூரிலிருந்து ஏறத்தாழ 60 கிலோமீட்டரில், மைசூரில், விமானப் படைத் தேர்வு வாரியம் இருக்கிறது. அங்கே விமானித் திறன் சோதனைக்கு நெடுங்காலம் வாழ்நாளில் ஒரே ஒரு வாய்ப்புத்தான் இருந்தது. அப்போது தவறினால் மறுமுறை கிடைத்ததில்லை. ஆனால் உடற் சோதனையில் தள்ளப்பட்டவர் மேல்முறையீடு செய்யலாம். ஆகவே விண்ணப்பத்தைக் கிழிக்கவில்லை. வரும் திங்களன்று மைசூர் பஸ் ஏறி, வேறொரு மருத்துவரிடம் கண்ணைக் காட்டப் போகிறேன். விற்பதற்கு என்னிடம் மோட்டார் சைக்கிள் இல்லை. அண்ணன் விட்டுப்போன மிதிவண்டி ஒன்று இருக்கிறது.