டாக் ஹாலிடே

டாக் ஹாலிடே எனப் பரவலாக அறியப்படும் ஜான் ஹென்றி ஹாலிடே (ஆகஸ்ட் 14, 1851 – நவம்பர் 8, 1887) ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த பல் மருத்துவரும் சூதாட்டக்காரரும் ஆவார். 1881-ஆம் ஆண்டு அரிசோனாவின் டூம்ஸ்டோன் நகரில் நிகழ்ந்த ஓ. கே. கொரால் துப்பாக்கிச் சண்டையில் காவலர்களின் பக்கம் நின்று போரிட்டவர் என்ற வகையில் இவர் பெயர் நிலைத்துள்ளது. முழுநேரக் காவலராக இவர் ஒருபோதும் பணியாற்றியதில்லை. ஆபத்திலிருக்கும் காவலருக்கு ஆயுதம் தாங்கிய குடிமகன் ஒருவர் துணைக்கு வருவது எப்போது உதவியாகும், எப்போது சிக்கலாகும் என்ற கேள்வியை இவரது வாழ்க்கை எழுப்புகிறது.

பிறப்பும் கல்வியும்

ஹாலிடே ஜார்ஜியா மாநிலத்தின் கிரிஃபின் என்னும் ஊரில் பிறந்தார். தந்தை ஹென்றி பர்ரோஸ் ஹாலிடே, மெக்சிக்கப் போரிலும் அமெரிக்க உள்நாட்டுப் போரிலும் பங்கேற்றவர். 1864-இல் இக்குடும்பம் வால்டோஸ்டாவிற்குக் குடிபெயர்ந்தது. தாய் ஆலிஸ் ஜேன் 1866-இல் காசநோயால் இறந்தபோது ஹாலிடேயின் அகவை 15.

பிலடெல்பியாவில் உள்ள பென்சில்வேனியா பல் அறுவை மருத்துவக் கல்லூரியில் பயின்று 1872-இல் பட்டம் பெற்றார். "டாக்டர்" என்பதன் சுருக்கமான "டாக்" என்ற அடைமொழி இதனாலேயே வந்தது. அட்லாண்டாவில் தொழிலைத் தொடங்கிய சிறிது காலத்தில் இவருக்கும் காசநோய் இருப்பது கண்டறியப்பட்டது. வறண்ட காற்று நோயைத் தணிக்கும் என்பது அக்கால நம்பிக்கை. எனவே 1873-இல் டெக்சாசின் டாலஸ் நகருக்குச் சென்றார். ஓயாது இருமும் மருத்துவரிடம் வர நோயாளிகள் தயங்கினர். சீட்டாட்டமே இவரது வருமானமாயிற்று.

டாட்ஜ் நகரில்

1877-ஐ ஒட்டிய காலத்தில் டெக்சாசின் ஃபோர்ட் கிரிஃபினில் வயாட் ஏர்ப் இவருக்கு அறிமுகமானார். அங்கேயே அங்கேரியில் பிறந்த மேரி கேத்தரின் ஹோரனியையும் சந்தித்தார். "பெருமூக்குக் கேட்" எனப்பட்ட இவர், பிணக்குகளுக்கிடையே ஹாலிடேயுடன் பல ஆண்டுகள் வாழ்ந்தார்.

1878-இல் ஹாலிடே கான்சசின் டாட்ஜ் நகரில் தங்கி, பல் மருத்துவம் பார்ப்பதாகச் செய்தித்தாளில் விளம்பரம் செய்தார். வயாட் அப்போது அந்நகரின் துணைக் காவல் தலைவராக இருந்தார். கால்நடைகளை ஓட்டிவரும் கௌபாய்கள் நகரில் கலகம் செய்வது வழக்கம். அத்தகைய ஒரு மோதலின்போது ஹாலிடே தம் உயிரைக் காத்தார் என்று வயாட் 1881-இல் நீதிமன்றத்தில் தெரிவித்தார். 1896-இல் வயாட்டின் பெயரில் வெளியான செய்தித்தாள் கட்டுரையொன்று, அவரது முதுகுக்குப் பின்னால் ஒருவன் துப்பாக்கியை உருவியதைக் கண்ட ஹாலிடே எச்சரித்துவிட்டுச் சுட்டதாகக் கூறுகிறது. இருவரது நட்பு இறுதிவரை நீடித்ததற்கு இந்நிகழ்வே அடிப்படையாகும்.

டூம்ஸ்டோன் துப்பாக்கிச் சண்டை

வெள்ளிச் சுரங்க நகரான டூம்ஸ்டோனுக்கு ஹாலிடே 1880-இல் வந்தார். வயாட்டின் தமையன் வேர்ஜில் ஏர்ப் 1881-இல் அந்நகரின் காவல் தலைவரானார். நகருக்குள் ஆயுதம் ஏந்தித் திரிவதை நகரச் சட்டம் தடை செய்திருந்தது. கால்நடைத் திருட்டில் ஈடுபட்டோராகக் கருதப்பட்ட கிளாண்டன், மெக்லாரி குடும்பத்தினருக்கும் ஏர்ப் சகோதரர்களுக்கும் பகை முற்றியிருந்தது.

1881 அக்டோபர் 25 இரவு ஹாலிடேயும் ஐக் கிளாண்டனும் கடுமையாக வாக்குவாதம் செய்தனர். மறுநாள், எதிர்த் தரப்பினர் ஆயுதங்களுடன் நகரில் கூடியிருப்பதை அறிந்த வேர்ஜில் அவர்களிடமிருந்து அவற்றைப் பறிக்க முடிவு செய்தார். தம்பியர் வயாட், மோர்கன் ஆகியோருடன் ஹாலிடேயையும் துணைக்கு அழைத்தார். வேர்ஜில் தம்மிடமிருந்த நீளத் துப்பாக்கியை ஹாலிடேயிடம் கொடுத்துவிட்டு, அவரது கைத்தடியைத் தாம் வாங்கிக்கொண்டார். தெருவில் செல்வோர் அஞ்சாதிருக்க ஹாலிடே அத்துப்பாக்கியை மேலங்கிக்குள் மறைத்துக்கொண்டார்.

சுமார் 30 நொடிகளில் 30 குண்டுகள் வரை பாய்ந்தன. பில்லி கிளாண்டனும் டாம், பிராங்க் மெக்லாரி சகோதரர்களும் கொல்லப்பட்டனர். ஐக் கிளாண்டன் தப்பியோடினார். வேர்ஜிலும் மோர்கனும் காயமுற்றனர். ஹாலிடேயின் இடுப்பைக் குண்டொன்று உரசிச் சென்றது.

விசாரணை

ஐக் கிளாண்டன் அளித்த கொலைப் புகாரின்பேரில் நீதிபதி வெல்ஸ் ஸ்பைசர் முதனிலை விசாரணை நடத்தினார். விசாரணையின்போது வயாட்டும் ஹாலிடேயும் சிறையில் அடைக்கப்பட்டனர். நவம்பர் 30 அன்று வழங்கிய தீர்ப்பில் ஸ்பைசர் நால்வரையும் விடுவித்தார். எனினும், எதிர்த் தரப்புடன் ஏற்கெனவே சண்டையிட்டிருந்த வயாட்டையும் ஹாலிடேயையும் துணைக்கு அழைத்தது வேர்ஜிலின் விவேகமற்ற, கண்டிக்கத்தக்க செயல் என்று அவர் கருதினார். ஆயினும் சட்டம் ஒழுங்கு குலைந்திருந்த அந்நாட்டுப்புறத்தில், துணிவும் நம்பிக்கையும் உள்ளவர்களின் துணை காவல் தலைவருக்குத் தேவைப்பட்டதால், அது குற்றமாகாது என முடிவு செய்தார்.

பழிவாங்கும் பயணம்

1881 டிசம்பர் 28 அன்று வேர்ஜில் மறைந்திருந்து சுடப்பட்டார். அவரது இடக்கை நிரந்தரமாகச் செயலிழந்தது. 1882 மார்ச் 18 அன்று மோர்கன் கொல்லப்பட்டார். அப்போது கூட்டரசின் துணை மார்ஷலாக இருந்த வயாட் குற்றவாளிகளைத் தேடப் படையொன்றைத் திரட்டினார். ஹாலிடே அதில் இணைந்தார். மார்ச் 20 அன்று டூசான் தொடருந்து நிலையத்தருகே பிராங்க் ஸ்டில்வெல் சுட்டுக் கொல்லப்பட்டதை அடுத்து, வயாட், ஹாலிடே உள்ளிட்ட ஐவர் மீது கொலைக் குற்றத்திற்கான பிடியாணை பிறப்பிக்கப்பட்டது. காவலருக்குத் துணையாகப் புறப்பட்டவர் சட்டத்தால் தேடப்படுபவரானார். அவ்வாண்டு மே மாதம் டென்வரில் ஹாலிடே கைது செய்யப்பட்டபோதும், கொலராடோ ஆளுநர் பிரடெரிக் பிட்கின் அவரை அரிசோனாவிடம் ஒப்படைக்க மறுத்தார்.

இறுதிக் காலம்

லெட்வில் நகரில் வறுமையுடனும் நோயுடனும் வாழ்ந்த ஹாலிடே, 1884-இல் பில்லி ஆலன் என்பவரைக் கடன் தகராறில் சுட்டுக் காயப்படுத்தினார். அவ்வழக்கிலிருந்து 1885-இல் விடுவிக்கப்பட்டார். பின்னர் கொலராடோவின் கிளென்வுட் ஸ்பிரிங்ஸ் சென்ற அவர், 1887 நவம்பர் 8 அன்று விடுதியொன்றில் படுக்கையிலேயே காசநோயால் இறந்தார். அப்போது அவருக்கு அகவை 36. லின்வுட் இடுகாட்டில் அவருக்கு நினைவுக்கல் உள்ளது.

திரைப்படங்களில்

1946-இல் வெளியான "மை டார்லிங் கிளமென்டைன்" படத்தில் விக்டர் மெச்சூரும், 1957-இல் வெளியான "கன்பைட் அட் தி ஓ. கே. கொரால்" படத்தில் கிர்க் டக்ளசும், 1993-இல் வெளியான "டூம்ஸ்டோன்" படத்தில் வால் கில்மரும் ஹாலிடேயாக நடித்தனர். முதலாவது படம் அவரை அறுவை மருத்துவராகக் காட்டுவதுடன், துப்பாக்கிச் சண்டையிலேயே இறப்பதாகவும் சித்தரிக்கிறது. இவ்விரண்டும் வரலாற்றுக்கு முரணானவை.