கொன்ஸ்தான்ஸ் கோபுரத்தில் 38 ஆண்டுகள்



கோடை விடுமுறைக்குத் தெற்குக் கடற்கரைப் பக்கம் காரில் போகும் குடும்பங்கள் நம் நடுவில் பல உண்டு. அடுத்த முறை போகும்போது, நீம் நகருக்கும் மொன்பெலியேக்கும் இடையில் நெடுஞ்சாலையை விட்டுக் கடல் பக்கமாகத் திரும்புங்கள். சதுப்பு நிலமும் நாணலும் கடந்தபின், நான்கு பக்கமும் மதில் சூழ்ந்த ஒரு சிறிய ஊர் தெரியும். அதுதான் ஏக்மோர்த். செத்த தண்ணீர் என்பது அந்தப் பெயரின் பொருள். சுற்றிலும் ஓடாமல் தேங்கி நிற்கும் நீர். தெற்கே பெரிய உப்பளங்கள். கோடையில் அந்தப் பாத்திகளின் நீர் ஒருவகை நுண்பாசியால் இளஞ்சிவப்பாக மாறிவிடும். படம் எடுக்க நல்ல இடம்தான். ஆனால் நீங்கள் பார்க்கவேண்டியது, மதிலின் ஒரு மூலைக்கு வெளியே தனியாக நிற்கும் வட்டமான கோபுரத்தை.

அதைக் கட்டியவர் ஒன்பதாம் லூயி மன்னர். மத்தியதரைக் கடலில் தனக்கென்று ஒரு துறைமுகம் இல்லாத குறையைத் தீர்க்க, 1240இல் இந்தச் சதுப்பு நிலத்தைத் துறவிகளிடமிருந்து பெற்றார். 1248இல் சிலுவைப்போருக்கு இங்கிருந்துதான் கப்பல் ஏறினார். 1270இல் மறுபடியும் புறப்பட்டவர் துனிஸில் இறந்துபோனார். மதிலைக் கட்டத் தொடங்கியது அவருக்குப் பின்வந்த மகன். பிறகு வண்டல் படிந்து கால்வாய்கள் தூர்ந்தன. கப்பல்கள் மார்செயிக்குப் போய்விட்டன. துறைமுகம் போனாலும், 6 மீட்டர் தடித்த சுவருள்ள கோபுரம் சும்மா கிடக்கவில்லை. அது சிறையானது.

1685இல் பதினான்காம் லூயி, சீர்திருத்தச் சபையாருக்கு இருந்த வழிபாட்டு உரிமையை நீக்கினார். ஆலயங்கள் இடிக்கப்பட்டன. காட்டிலும் மலையிலும் இரகசியமாகக் கூடி ஆராதித்தவர்களில் பிடிபட்ட ஆண்கள் துடுப்புக் கப்பல்களுக்கு அடிமைகளாகப் போனார்கள், பெண்கள் சிறைக்குப் போனார்கள், போதகர்களுக்குத் தூக்கு. அந்தக் காலத்தை அவர்கள் வனாந்தரம் என்றே அழைத்தார்கள்.

மரி டியூரான் 1711இல் விவரே மலைநாட்டில், பிரன்ல் என்ற ஊருக்கு அருகில் பிறந்தார். அவருக்கு 8 வயது ஆகுமுன்பே, வீட்டில் நடந்த இரகசிய ஆராதனைக்காகத் தாயைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அவர் திரும்பி வரவில்லை. அண்ணன் பியேர் தலைமறைவாக ஊழியம் செய்யும் போதகரானார். அவரைப் பிடிக்க முடியாத அதிகாரிகள் 1729இல் வயதான தகப்பனைப் பிடித்துக் கடல்கோட்டை ஒன்றில் அடைத்தார்கள். அடுத்த ஆண்டு மரியையும் பிடித்தார்கள். அப்போது அவருக்கு வயது 19. மத்தியூ சேர் என்பவரோடு திருமண ஒப்பந்தம் ஆகிச் சில மாதங்களே ஆகியிருந்தன. அந்த மனிதரும் தப்பவில்லை. மரி செய்த குற்றம், பியேரின் தங்கையாக இருந்தது. பியேர் 1732இல் பிடிபட்டு மொன்பெலியேயில் தூக்கிலிடப்பட்டார். தங்கையைப் பணயமாக வைத்திருக்க அதன்பின் ஒரு காரணமும் இல்லை. ஆனாலும் கதவு திறக்கவில்லை.

அந்தக் கதவு பூட்டிக் கிடந்த விதத்தைக் கவனியுங்கள். சாவி ஒருவகையில் கைதிகளின் கையிலேயே இருந்தது. தன் விசுவாசத்தை மறுதலிக்கிறேன் என்று ஒப்புக்கொண்டால் போதும், வெளியே போகலாம். சிலர் அப்படிப் போனார்கள். கைக்குழந்தையோடு அடைக்கப்பட்ட தாய்மார் அங்கே இருந்தார்கள். கண்பார்வை இல்லாத ஒரு பெண்ணும் இருந்தார். மறுதலித்துப் போனவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. உங்களுக்கும் வராது என்று நினைக்கிறேன். மரி போகவில்லை, அவ்வளவுதான். ஒரு நாள் அல்ல, 38 ஆண்டுகள் ஒவ்வொரு காலையும் போகாமல் இருந்தார்.

அவரைக் கல்லில் செதுக்கிய வீராங்கனைபோல எழுதுகிறவர்கள் உண்டு. மிஞ்சியிருக்கும் அவருடைய ஏறத்தாழ 50 கடிதங்களில் தெரிவது வேறு ஒரு பெண். வாசிக்கவும் எழுதவும் தெரிந்தவர் என்பதால் மற்றக் கைதிகளுக்காகவும் அவரே எழுதினார். உதவிப் பணத்துக்கு நன்றி சொல்கிறார். உடுதுணிக்கும் உணவுக்கும் உள்ள தட்டுப்பாட்டைச் சொல்கிறார். கோபுரத்தின் ஈரத்தாலும் புகையாலும் வந்த நோய்களைச் சொல்கிறார். மற்றப் பகுதிகளின் விசுவாசிகள் தங்களை நினைக்கும்போது, தன் சொந்த விவரே மக்கள் மறந்துவிட்டார்களே என்று கண்டிப்போடு எழுதவும் தயங்கவில்லை. ஜெனீவாவில் வளர்ந்த அண்ணன் மகள் ஆனுக்கு, ஒரு தாயைப்போல அன்பும் புத்திமதியும் அனுப்பினார். நீம் நகரத்துப் போதகர் பொல் ரபோ அவருக்குப் பெரிய ஆறுதலாக இருந்தார்.

தகப்பன் 1743இல் விடுதலையாகி, மகளைப் பிரிந்தவராகவே 1749இல் இறந்தார். மத்தியூ சேர் 1750இல் வெளியே வந்தார். மரிக்கு அப்போதும் 18 ஆண்டுகள் மீதியிருந்தன.

கடைசியில் கதவைத் திறந்தவரும் ஒரு கத்தோலிக்கப் பிரபுதான் என்பதைச் சொல்லாமல் விடக்கூடாது. லாங்கெடொக் பகுதியின் ஆளுநராக வந்த போவோ இளவரசர் கோபுரத்துக்குள் ஏறிப் பார்த்து மனம் உடைந்தார். அரசவை அதை விரும்பாதபோதும் அந்தப் பெண்களை விடுவித்தார். 1768 ஏப்ரல் 14ஆம் திகதி மரி வெளியே வந்தார். 19 வயதில் போனவருக்கு அப்போது 56 வயது. பழுதடைந்து கிடந்த பிறந்த வீட்டுக்கே திரும்பி, உடன்கைதியாக இருந்த ஒரு பெண்ணோடு அங்கே வாழ்ந்தார். ஆம்ஸ்டர்டாமில் இருந்த பிரெஞ்சு மொழிச் சபை அவருக்கு ஆண்டுதோறும் உதவித்தொகை அனுப்பியது. 1776இல் காலமானார். சீர்திருத்தச் சபையாரின் திருமணமும் பிள்ளைகளும் சட்டப்படி ஏற்கப்பட இன்னும் 11 ஆண்டுகள் ஆயின.

அந்த வீடு இன்று அருங்காட்சியகமாக இருக்கிறது. ஏக்மோர்த் கோபுரத்துக்குள்ளும் நீங்கள் ஏறலாம். சுருள் படிகள், முழங்கால் வலி உள்ளவர்கள் மெதுவாக ஏறுங்கள். மேல்மாடி மண்டபத்தின் நடுவில் தரையில் ஒரு வட்டத் துளை. அதன் கல் விளிம்பில், எதிர்த்து நில் என்று பொருள்படும் ஒரே ஒரு சொல் கரடுமுரடாகக் கீறப்பட்டிருக்கிறது. மரியின் கை கீறியது என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிறார்கள். எழுத்துக்கூட்டல் அந்த மலைநாட்டுப் பேச்சு வழக்கில் இருக்கிறது. பிள்ளைகளைக் குனிந்து வாசிக்கச் சொல்லுங்கள். இங்கே பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் நம்மைவிட விரைவில் கண்டுபிடித்துவிடுவார்கள்.