தட்டுகளை உடைத்த பணிப்பெண்ணும் டாக்டர் ஷார்கோவும்

இந்தக் காலாண்டில் உங்களுக்கு நான் அறிமுகப்படுத்துவது 130 ஆண்டுகளுக்கு முன் மறைந்த ஒரு பிரெஞ்சு டாக்டரை. பெயர் ழான் மார்ட்டின் ஷார்கோ. பார்க்கின்சன் நோய்க்கு அந்தப் பெயர் நிலைக்கக் காரணமானவர் இவர்தான். ஆனால் நான் எழுத வந்தது வேறொரு நோயை அவர் அடையாளம் கண்ட கதையை.

அந்த நோய் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், சுருக்கமாக எம்.எஸ். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மூளையிலும் தண்டுவடத்திலும் உள்ள நரம்புகளின் மேலுறையைத் தாக்கிவிடுகிறது. வீட்டு வயரின் பிளாஸ்டிக் உறை அங்கங்கே உரிந்தால் கரண்ட் எப்படித் தடுமாறும்? அதைப் போலத்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். பார்வை மங்கும், கால் மரத்துப்போகும், கை நடுங்கும். பெரும்பாலும் 20 முதல் 40 வயதுக்குள் தொடங்கும், பெண்களுக்கே அதிகம். இவற்றோடு, வெளியே தெரியாத இரண்டு உண்டு: கடுமையான களைப்பு, மனச்சோர்வு. இரவு நன்றாகத் தூங்கி எழுந்தவருக்கும் குளித்து உடை மாற்றுவதற்குள் தெம்பு தீர்ந்துவிடலாம். பார்ப்பவருக்கு ஆள் நன்றாகத்தான் தெரிவார். அதனால் சோம்பேறி என்ற பட்டம் சுலபமாகக் கிடைத்துவிடும்.

ஷார்கோ 1825 நவம்பர் 29 அன்று பாரிஸில் பிறந்தார். தந்தை குதிரை வண்டிகள் செய்பவர். பிள்ளைகளில் ஒருவரைத்தான் மேல்படிப்பு படிக்கவைக்க முடியும் என்ற நிலையில், படிப்பில் கெட்டிக்காரரான இவருக்கு அந்த வாய்ப்பு வந்தது என்று சொல்வதுண்டு. 1862-ல் சால்பெத்ரியேர் மருத்துவமனையில் தலைமை மருத்துவரானார். ஒரு காலத்தில் வெடிமருந்து தயாரித்த இடம் அது. பிறகு ஏழைப் பெண்கள், முதியவர்கள், தீராத நோயாளிகள் என்று ஏறக்குறைய 5,000 பேர் அடைந்து கிடந்த காப்பகம். பிறர் கண்ணுக்கு அது நம்பிக்கையற்ற இடம். ஷார்கோ அங்கே ஒரு பெரிய ஆராய்ச்சிக்கூடத்தைப் பார்த்தார்.

அவர் முறை ஒரு வங்கிக்காரனுக்கு உடனே புரியும். நோயாளியின் நடை, பேச்சு, நடுக்கம் எல்லாவற்றையும் ஆண்டுக்கணக்கில் குறித்துவைப்பார். அவர் இறந்த பின் மூளையையும் தண்டுவடத்தையும் அறுத்துப் பார்த்து, குறிப்போடு ஒப்பிடுவார். வவுச்சரையும் லெட்ஜரையும் டேலி செய்வதுபோல.

சிறிது காலம் அவரிடம் பயின்ற சிக்மண்ட் ஃபிராய்டு ஒரு சம்பவத்தை எழுதியிருக்கிறார். கை நடுக்கத்தால் எங்கும் வேலை கிடைக்காத ஒரு பெண்ணை ஷார்கோ தன் வீட்டுப் பணிக்கு வைத்துக்கொண்டார். அவள் உடைத்த தட்டுகளுக்கே ஒரு சிறு சொத்து கரைந்ததாம்! அப்படியும் நிறுத்தவில்லை. அவள் இறந்த பின் சோதித்தபோது, அந்த நடுக்கத்துக்குக் காரணம் மூளையிலும் தண்டுவடத்திலும் இருந்த தழும்புகள்தான் என்று நிரூபித்தார். இதைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் உறுத்தியது. இது கருணையா, ஆராய்ச்சி ஆர்வமா? இரண்டும்தான் என்று நினைக்கிறேன்.

தழும்புகளை அவருக்கு முன்பே சிலர் பார்த்து, படமாகவும் வரைந்திருந்தார்கள். 1868-ல் ஷார்கோ தன் விரிவுரைகளில் தழும்பையும் அறிகுறிகளையும் சேர்த்து, இது தனியொரு நோய் என்று நிலைநாட்டினார். பார்க்கின்சனில் கை சும்மா இருக்கும்போது நடுங்கும். இதில் ஒன்றை எடுக்கப் போகும்போது நடுங்கும் என்று பிரித்துக் காட்டினார். மனதையும் அவர் விட்டுவிடவில்லை. ஞாபகம் குறைவது, யோசனை மெதுவாவது, உணர்ச்சி மழுங்குவது, காரணமில்லாமல் சிரிப்பதும் அழுவதும் என எல்லாவற்றையும் எழுதிவைத்தார். வெள்ளி உப்பு, ஸ்டிரிக்னின் என்று அன்றிருந்த மருந்துகளைக் கொடுத்துப் பார்த்தார். பலன் பெரிதாக இல்லை என்பதையும் மறைக்கவில்லை.

இதற்குப் பிறகுதான் எனக்கு வருத்தம் தரும் பகுதி. 1870-களில் ஷார்கோ ஹிஸ்டீரியா ஆராய்ச்சியில் இறங்கினார். பெண் நோயாளிகளைக் கூட்டத்துக்கு முன் ஹிப்னாடிசம் செய்து காட்டினார். அதைப் பார்க்க எழுத்தாளர்களும் நடிகர்களும்கூட வந்தார்கள். அதையும் நரம்பு நோயாகவே அவர் நம்பினார், ஆண்களுக்கும் வரும் என்றார். ஆனால் 1893 ஆகஸ்ட் 16 அன்று, 67 வயதில் திடீரென இறந்த பின் அந்தக் கோட்பாடு சரிந்தது. ஹிஸ்டீரியா என்ற முத்திரை மட்டும் நின்றது. பிற்காலத்தில் தழும்பைக் கண்ணால் காட்டும் ஸ்கேன் வரும்வரை, எம்.எஸ். வந்த எத்தனையோ பெண்களின் களைப்பும் மரத்துப்போதலும் அந்த முத்திரையோடுதான் ஒதுக்கப்பட்டன. நோயைக் கண்டுபிடித்தவர் பிரபலப்படுத்திய சொல்லே நோயாளிகளுக்கு எதிராகப் போனது.

களைப்புக்குத் தனி இடம் கிடைக்க இன்னும் வெகுகாலம் ஆயிற்று. ஷார்கோவின் பிரபலமான மூன்று அறிகுறிகளில் அது இல்லை. 1989-ல்தான் அமெரிக்க ஆய்வாளர்கள் 9 வாக்கியங்கள் கொண்ட ஓர் அளவுகோலை வெளியிட்டார்கள். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் 1 முதல் 7 வரை நோயாளியே மார்க் போடவேண்டும். களைப்பு தன் வேலையை, குடும்பத்தை எவ்வளவு பாதிக்கிறது என்று அவரே சொல்லலாம். இன்றும் பல நாடுகளில் அந்தத் தாளைத்தான் நோயாளி கையில் கொடுக்கிறார்கள்.