பத்தில் ஒரு விநாடி

கண்ணிமைக்கும் நேரத்தைச் சிறிதென்று எண்ணுவர் பலர். ஆயினும், அதனினும் குறுகிய காலம் ஒருவருடைய வாழ்வின் போக்கையே மாற்றிவிடுவதும் உண்டு. பத்தில் ஒரு விநாடியால் வெற்றியை இழந்து, அவ்விழப்பையே ஏணியாகக் கொண்டு உயர்ந்தவர் ஜப்பான் நாட்டு நீச்சல் வீராங்கனை மயேஹாத்தா ஹிதேக்கோ அம்மையார் ஆவார்.

ஹிதேக்கோ 1914ஆம் ஆண்டு மே மாதம் 20ஆம் நாள் வாகயாமா மாநிலத்தின் ஹாஷிமோட்டோ என்னும் ஊரில் பிறந்தார். அவருடைய பெற்றோர் சோயாத் தயிர்க்கட்டி செய்து விற்று வாழ்ந்த எளிய மக்கள். குழந்தைப் பருவத்தில் ஹிதேக்கோ மெலிந்த உடலினராய் இருந்தார். ஊரை ஒட்டிக் கினோகாவா ஆறு ஓடிக்கொண்டிருந்தது. நீந்தினால் உடல் வலுப்பெறும் என்று கருதிய பெற்றோர் அவரை அவ்வாற்றுக்கு அழைத்துச் சென்றனர். நலம் நாடிச் சென்ற சிறுமிக்கு நீச்சல் உயிரினும் இனியதாயிற்று. தொடக்கப் பள்ளியில் பயிலும்போதே அவருடைய விரைவு பலர் கண்ணையும் கவர்ந்தது. 1929ஆம் ஆண்டில், பதினைந்து வயதில், கடல் கடந்து ஹவாய்த் தீவுகளின் ஹொனலூலு நகருக்குச் சென்று, 100 மீட்டர் மார்பு நீச்சலில் வெற்றி பெற்றார். அதன் பயனாக நகோயா நகரத்துப் பெண்கள் பள்ளியில் கல்வியும் பயிற்சியும் ஒருங்கே பெறும் வாய்ப்பு அவருக்குக் கிட்டியது.

மார்பு நீச்சல் வலிமையை மட்டும் நம்பி நீந்துவதன்று. ஒழுங்கும் இயைபும் உடையோர்க்கே அது கைவரும். கைகள் இரண்டும் ஒருசேர முன்னே நீண்டு, நீரைப் பக்கங்களில் அணைத்து இழுத்து, மார்பின்கீழ்க் குவிந்து, மீண்டும் முன்னே செல்லுதல் வேண்டும். கால்கள் தவளையின் கால்களைப்போல் மடங்கிப் பாதங்கள் வெளிப்புறம் திரும்பி நீரைப் பின்னே உதைத்தல் வேண்டும். முழங்கால்களை வயிற்றை நோக்கி மிகுதியாக இழுப்பின், தொடைகளே நீருக்கு அணையாகி விரைவைத் தடுக்கும். உதைத்த பின்னர் உடல் அம்புபோல் நீண்டு வழுக்கிச் செல்ல வேண்டும். வழுக்கும் நேரம் மிகுந்தால் விரைவு தேயும். குறைந்தால் வலிமை வீணாகும். திரும்பும்போதும் முடிக்கும்போதும் இரு கைகளும் ஒரே நேரத்தில் சுவரைத் தொடுதல் வேண்டும். இவற்றுள் ஒன்று பிழைப்பினும் விநாடிகள் கழிந்துவிடும். இக்கலையைத் தேர்ந்து கற்பதிலேயே ஹிதேக்கோ தம் இளமையைச் செலவிட்டார்.

அந்நிலையில் பெருந்துயரம் அவரைச் சூழ்ந்தது. 1931ஆம் ஆண்டின் தொடக்கத்தில் தாய் இறந்தார். சில திங்களுக்குள் தந்தையும் மறைந்தார். இளம்பெண் ஹிதேக்கோ துணையிழந்து நின்றார். எடுத்த செயலை இடையில் கைவிடலாகாது என்று தாய் கூறிவந்த அறிவுரை ஒன்றே அவருக்கு ஊன்றுகோலாயிற்று. கண்ணீரைத் துடைத்துக்கொண்டு அவர் மீண்டும் நீரில் இறங்கினார்.

1932ஆம் ஆண்டில் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் ஒலிம்பிக் போட்டிகள் நடைபெற்றன. 200 மீட்டர் மார்பு நீச்சலின் இறுதிப் போட்டியில் ஹிதேக்கோ 3 நிமிடம் 6.4 விநாடியில் நீந்தி முடித்தார். ஆனால், ஆஸ்திரேலிய வீராங்கனை கிளேர் டென்னிஸ் 3 நிமிடம் 6.3 விநாடியில் முடித்துப் பொற்பதக்கம் பெற்றார். அவ்விருவருக்கும் இடையே இருந்த தொலைவைக் கணக்கிட்டால் ஏறத்தாழ அரைச் சாணே ஆகும்.

ஹிதேக்கோ வெள்ளிப் பதக்கத்துடன் மகிழ்வாகவே நாடு திரும்பினார். போட்டிகளை விடுத்து அமைதியாக வாழலாம் என்றும் எண்ணினார். ஆனால், டோக்கியோ நகரத் தலைவர் நகாட்டா, அந்தப் பத்தில் ஒரு விநாடி கைந்நழுவியதை எண்ணி அவரிடம் வருந்தினார். அவ்வருத்தம் ஹிதேக்கோவின் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. மேலும் நான்கு ஆண்டுகள் உழைப்பதா, ஒதுங்குவதா என்று அவர் நெடிது எண்ணினார். இரண்டாம் முறையும் தோற்றால் நாட்டார் முன் எவ்வாறு நிற்பது என்னும் அச்சமும் அவரை வாட்டியது. முடிவில் தாயின் அறிவுரையே வென்றது. நாள்தோறும் உடல் சோருமளவும் நீந்தினார். 1933ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் 200 மீட்டர் தொலைவை 3 நிமிடம் 0.4 விநாடியில் கடந்து உலகச் சாதனை படைத்தார்.

1936ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 11ஆம் நாள் ஜெர்மனியின் தலைநகராகிய பெர்லினில் இறுதிப் போட்டி நடந்தது. அந்நாட்டு வீராங்கனை மார்த்தா கெனெங்கர் தம் மக்கள் ஆரவாரிக்க, ஹிதேக்கோவை நெருங்கித் தொடர்ந்தார். ஜப்பானில் அப்பொழுது நள்ளிரவு. மக்கள் உறக்கம் துறந்து வானொலியின்முன் அமர்ந்திருந்தனர். போட்டியை வருணித்த கசாய் என்பார், வருணனையையே மறந்து, ஹிதேக்கோவின் பெயரைப் பலமுறை சொல்லி ஊக்கக் குரல் எழுப்பினார். கேட்ட நாடே அக்குரலோடு சேர்ந்து துடித்தது. ஹிதேக்கோ 3 நிமிடம் 3.6 விநாடியில் சுவரைத் தொட்டார், கெனெங்கர் 0.6 விநாடி பிந்தினார். ஏறத்தாழ ஒன்றரை முழ இடைவெளியில் வெற்றி அவருடையதாயிற்று. டென்மார்க் நாட்டின் பன்னிரண்டு வயதுச் சிறுமி இங்கே சோரென்சென் மூன்றாம் இடம் பெற்றார். ஒலிம்பிக் போட்டியில் பொற்பதக்கம் வென்ற முதல் ஜப்பானியப் பெண்மணி என்னும் பெருமை ஹிதேக்கோவுக்கு உரியதாயிற்று.

மறு ஆண்டில் அவர் மருத்துவர் ஒருவரை மணந்து இல்லறம் ஏற்றார். எனினும் நீச்சலை மறந்தாரல்லர். பின்னாளில் நகோயாவில் சிறுவர்க்கும், நீந்த அறியாத தாய்மார்க்கும் தம் கலையைக் கற்பித்தார். 1983ஆம் ஆண்டில் மூளையில் குருதி கசிந்து நோயுற்று வீழ்ந்தார். முதுமையிலும் மனந்தளராது பயிற்சி செய்து மீண்டும் நீரில் இறங்கினார். 1990ஆம் ஆண்டில் ஜப்பானிய அரசு அவருக்குப் பண்பாட்டுச் சிறப்பாளர் என்னும் பெருமையை வழங்கியது. 1995ஆம் ஆண்டு பிப்ரவரி 24ஆம் நாள், எண்பதாம் வயதில், அவர் இயற்கை எய்தினார்.

தோல்வி சிலரை ஒடுக்கும், சிலரைச் செதுக்கும். அரைச் சாண் தொலைவில் இழந்ததை மீட்க நான்கு ஆண்டுகள் உழைத்தார் ஹிதேக்கோ. ஒவ்வொரு கைவீச்சையும் ஒவ்வொரு கால் உதைப்பையும் திருத்திக்கொண்ட பொறுமையே அவரை உயர்த்தியது. சிறு குறையைச் சிறிதென்று விடாது களைவோர் பெருஞ்செயலை முடிப்பர் என்பதற்கு அவருடைய வாழ்க்கை என்றும் சான்றாக விளங்கும்.