குழாய்க்குள் ஓடிய வண்ணக்கோடு

குழாயில் நீரைச் செலுத்தச் செலவாகும் ஆற்றலில் பெரும்பகுதி, நீருக்குள்ளேயே எழும் சுழல்களில் வீணாகிறது. அந்தச் சுழல்கள் எப்போது பிறக்கின்றன என்பதை உலகுக்குத் தெளிவாகக் காட்டியவர் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ்.

1842-இல் பெல்ஃபாஸ்ட் நகரில் பிறந்த அவர், கல்லூரிக்குச் செல்லுமுன் இயந்திரப் பட்டறை ஒன்றில் தொழில் பழகினார். அங்கே எழுந்த ஐயங்களுக்குக் கணிதமின்றி விடை கிடைக்காது என்று உணர்ந்து கேம்பிரிட்ஜில் சேர்ந்தார். 1868-இல், தமது 25-ஆம் வயதில், மான்செஸ்டர் ஓவன்ஸ் கல்லூரியில் பொறியியல் பேராசிரியரானார். அதே ஆண்டில் மணம் புரிந்தவர், அடுத்த ஆண்டே மனைவியை இழந்தார். துயரிலும் ஆய்வைக் கைவிடவில்லை.

1883-இல் வெளியான அவரது சோதனை மிக எளிமையானது. நீர்த்தொட்டிக்குள் கிடத்திய கண்ணாடிக் குழாயில் ஓடும் நீரோடு மெல்லிய சாயத்தைக் கலந்துவிட்டார். வேகம் குறைவாக இருந்தவரை சாயம் நேர்க்கோடாக ஓடியது. ஓர் எல்லையைக் கடந்ததும் கோடு திடீரெனச் சிதறிக் குழாய் முழுவதும் பரவியது. எல்லைக்கு முன்பு, வேகம் இருமடங்கானால் எதிர்ப்பும் இருமடங்காகும். கடந்த பின்னரோ மும்மடங்குக்கும் மேலாகும். வேகம், குழாயின் விட்டம், நீர்மத்தின் அடர்த்தி, பாகுத்தன்மை ஆகிய நான்கையும் இணைத்து அந்த எல்லையை ஒரே எண்ணால் குறித்தார். இன்று அது ரெனால்ட்ஸ் எண் எனப்படுகிறது.

அதற்கு முன்பே, 1874-இல், உராய்வைப் பெருக்கும் அதே சுழல்கள்தாம் வெப்பத்தையும் கடத்துகின்றன என்று அவர் விளக்கியிருந்தார்.

இவ்விரு கண்டுபிடிப்புகளும் இன்றைய தொழில்நுட்பம் ஒன்றில் சந்திக்கின்றன. சோப்பு இனத்தைச் சேர்ந்த சில சர்ஃபேக்டன்ட் வேதிப்பொருள்களை நீரில் சிறிதளவு கலந்தால், அவற்றின் மூலக்கூறுகள் இழைகளாகத் திரண்டு சுழல்களை அடக்குகின்றன. உராய்வு பாதிக்கும் கீழே குறையக்கூடும். இதே பணியைச் செய்யும் நீண்ட பாலிமர் மூலக்கூறுகள் பம்பின் விசையில் அறுந்தால் மீண்டும் சேர்வதில்லை. சர்ஃபேக்டன்ட் இழைகளோ தாமாகவே மீண்டும் திரளும். எனவே நீர் மீண்டும் மீண்டும் சுற்றிவரும் குளிரூட்டும் அமைப்புகளுக்கு அவை ஏற்றவை; ஜப்பானில் பல கட்டடங்களில் பயன்பாட்டுக்கு வந்துள்ளன. ஆனால், சுழல்கள் அடங்கும்போது வெப்பக் கடத்தலும் குறைகிறது. 1874-இல் ரெனால்ட்ஸ் கண்ட உறவே இன்றைய பொறியாளருக்கு இடர்ப்பாடாக நிற்கிறது.

உடல்நலம் குன்றி 1905-இல் ஓய்வுபெற்ற ரெனால்ட்ஸ், 1912-இல் சாமர்செட்டில் மறைந்தார். தமது எண் அடையவிருந்த பயன்களை அவர் காணவில்லை. உடனடிப் பலனைக் கேட்டே அடிப்படை ஆய்வுக்கு நிதி ஒதுக்கும் நம் காலத்தில், சாயம் சிதறுவதை உற்றுநோக்கிக்கொண்டிருந்த அந்தப் பேராசிரியருக்கு எவ்வளவு கிடைத்திருக்கும் என்று எண்ணிப்பார்ப்பது நல்லது.